நிலக்கடலை வேரும் அதன் குடிகளும்

சென்ற ஆவணித் திங்களில் மூன்று நாள் விடுமுறை வாய்த்தபோது, ஆம்பூருக்கு அணித்தாகப் பாலாற்றங்கரையில் உள்ள எம் தாயின் ஊருக்குச் சென்றிருந்தோம். அங்கே எம் அம்மானுக்கு இரண்டு கொல்லைகள் உண்டு. ஒன்று மேட்டுக் கொல்லை, வானம் பார்த்தது. மற்றொன்று கிணற்றங்கொல்லை, அதன் கிணற்று நீர் எம் பாட்டியார் இளமையிற் பருகத்தக்கதாய் இருந்ததென்பர், இப்பொழுது வாயில் வைத்தால் கரிக்கும். இரண்டிலும் ஆடித் தொடக்கத்தில் ஒரே நாளில், ஒரே விதையை, ஒரே வகைப் பொட்டலத்து நுண்ணுயிர் உரம் கலந்து விதைத்திருந்தனர். அவ்வுரத்தை வாங்குமாறு வற்புறுத்தியவர் யாமே.

விதைத்து நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. இரு கொல்லையிலும் ஒவ்வொரு செடியை மண் உதிராவண்ணம் கொத்திப் பெயர்த்து, வேரை நீரில் அலசித் திண்ணையின்மேல் அருகருகே வைத்துப் பார்த்தோம். மேட்டுக் கொல்லைச் செடியின் வேரெங்கும் கேழ்வரகு தூவினாற்போலச் சிறு முண்டுகள். ஒன்றை நகத்தாற் கிள்ளினோம், உள்ளே இளஞ்சிவப்பு. கிணற்றங்கொல்லைச் செடியிலோ முண்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருந்தன; கிள்ளியபோது சில வெண்மையாகவும் சில பச்சை பாய்ந்தும் தோன்றின. ஆவணியில் மழை பின்வாங்கவே அக்கொல்லைக்கு இரு முறை கிணற்று நீர் இறைத்திருந்தனர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அம்மான் இரண்டையும் நோக்கிவிட்டு, “பொட்டலமே பொய், மாப்பிள்ளே. அடுத்த வருஷம் எனக்கு அது வேண்டாம்” என்றார்.

அவ்வுரை எம்மை வருத்திற்று. தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு இத்துறை உரியதன்று. எனினும், பணம் செலவிடச் செய்த கடமை எம்முடையதாகலின், கல்லூரிக்கு மீண்டபின் நூல்நிலையத்திலும் தாவரவியற் பேராசிரியர்களிடத்தும் யாம் கற்றறிந்தவற்றை இங்கு எழுதத் துணிந்தோம்.

நிலக்கடலை நம் நாட்டுப் பயிரன்று. தென்னமெரிக்காவிற் பிறந்தது. மணிலா நகரின் பெயரைத் தாங்கி மணிலாக்கொட்டை எனவும், அப்பெயர் மக்கள் நாவில் தேய்ந்து மல்லாட்டை எனவும் ஆற்காட்டுச் சீமையில் வழங்குவதே அது கடல் கடந்து வந்த பயிர் என்பதற்குச் சான்று. அவரை, துவரை, உளுந்து, காராமணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது. இக்குடும்பத்துச் செடிகள் உரமற்ற மண்ணிலும் ஓங்கி வளர்வதோடு, தமக்குப்பின் விதைக்கும் பயிருக்கும் நன்மை செய்வதை உழவர் பன்னெடுங்காலமாகக் கண்டறிந்திருந்தனர். காரணம் விளங்கியது 1886ஆம் ஆண்டிலேதான். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் எனினும் செடிகள் அதனை நேரே உண்ணமாட்டா. அவரை இனச் செடிகள் மட்டும் வேர்முண்டின் வாயிலாக அதனைப் பெறுகின்றன என ஜெர்மானியராகிய ஹெல்ரீகல் அவ்வாண்டில் அறிவித்தார். ஈராண்டு கழித்து, 1888இல், ஹாலந்து தேசத்துப் பெயரிங்க் என்பார் அம்முண்டினுள் வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். அவ்வினத்துக்கு ரைசோபியம் எனப் பெயர். நிலக்கடலையில் வாழ்வது அதற்கு உறவான, மெல்ல வளரும் பிராடிரைசோபியம்.

முண்டினுள் நிகழ்வது ஒரு கொடுக்கல் வாங்கல். இலை வெயிலிற் சமைத்த சர்க்கரையைச் செடி கீழே அனுப்புகின்றது. பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருகின்றது. இவ்வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் நஞ்சு. பாக்டீரியா உயிர்வாழவோ ஆக்சிஜன் வேண்டும். இம்முரணைத் தீர்ப்பதற்காகவே, நம் குருதியைச் சிவப்பாக்கும் பொருளின் இனத்ததான ஒன்று முண்டினுள் உண்டாகி, ஆக்சிஜனை அளந்து அளந்து வழங்குகின்றது. யாம் நகத்தாற் கிள்ளிக் கண்ட சிவப்பு அதுவே. சிவந்த முண்டு உழைக்கும் முண்டு, வெளுத்தது உழையாதது, பச்சை பாய்ந்தது ஓய்ந்தது. இதனை அறிய நுண்பெருக்கி வேண்டா. உழவர் எவரும் தம் கொல்லையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இதைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

நிலக்கடலைக்கு மற்றொரு தனிமை உண்டு. அதன் இனத்துச் செடிகள் பலவற்றில் பாக்டீரியா வேர்த்தூவியின் வழியே நுழையும். நிலக்கடலையிலோ, பக்கவேர் தாய்வேரைப் பிளந்துகொண்டு வெளிவருமிடத்தில் உண்டாகும் வெடிப்பே வாயில். எனவே பக்கவேர் குன்றினால் வாயில்கள் குன்றும். வாயில்கள் குன்றினால் முண்டுகளும் குன்றும். இதனைப் பின்னர்க் காண்போம்.

இனிப் பொட்டலத்துக்கு வருவோம். 1896இலேயே ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் என்னும் இருவர் இப்பாக்டீரியாவை வளர்த்து ‘நைட்ரஜின்’ என்னும் பெயரால் விற்கத் தொடங்கினர். நம் தமிழகத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலக்கடலைக்கெனத் தெரிந்தெடுத்த ரைசோபிய வகைக்கு டி.என்.ஏ.யூ. 14 என்று பெயர். எக்டேர் ஒன்றுக்கு வேண்டும் விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று. அத்தோடு மண்ணில் முடங்கிக்கிடக்கும் பாஸ்பரசைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா மூன்று பொட்டலம். ஆறிய அரிசிக் கஞ்சியிற் கலந்து விதைமேற் பூசி நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். பூஞ்சண மருந்து பூசிய விதையாயின் ஒரு நாள் இடைவெளி விட்டே இதனைப் பூசுதல் தகும். பொட்டலத்தின் கரும்பொடி பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூள். அஃது உரமன்று, பாக்டீரியா குடியிருக்கும் ஊர்தியே. இவ்வுரங்கள் 2006இல் மைய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொணரப்பட்டன. ஒரு கிராம் பொடியில் ஐந்து கோடி உயிருள்ள பாக்டீரியாவேனும் இருத்தல்வேண்டும் என்பது விதி. வெயிலில் வைத்தாலும் நாள் கடந்தாலும் அவை மடியும். மடிந்த பொட்டலமும் உயிருள்ள பொட்டலமும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும். அம்மானின் ஐயம் முற்றும் அடிப்படையற்றதன்று.

ஆயினும் மேட்டுக் கொல்லையிற் சிவந்த முண்டுகள் நிறைந்திருந்தனவே. அப்படியாயின் பொட்டலம் உயிருள்ளதுதானே என்று யாம் முதலில் எண்ணி மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடல்வேண்டும்.

600 கிராம் பொடியில், கிராமுக்கு ஐந்து கோடி வீதம், 3,000 கோடி பாக்டீரியா. பெருந்தொகைதான். ஆனால் ஓர் எக்டேர் நிலத்தின் மேல்மண் அரை அடி ஆழத்துக்கு ஏறக்குறைய 2,000 டன் எடையுள்ளது. ஒரு கிராம் மண்ணிற் பத்துக் கோடி பாக்டீரியா எனக் குறைத்தே கொண்டாலும், வந்தேறி ஒன்றுக்கு மண்ணின் பழங்குடிகள் அறுபது இலட்சத்துக்கு மேல் நிற்கின்றன! விதையின்மேற் பூசி அனுப்புவதால் வந்தேறிக்கு வேரின் அருகே முதலிடம் கிடைப்பது உண்மை. எனினும் காராமணியும் துவரையும் உளுந்தும் தலைமுறை தலைமுறையாக விளைந்த நம் மண்ணில், நிலக்கடலையை ஏற்கும் பாக்டீரியா முன்னமே குடியிருக்கின்றன. விருந்தாக வந்த நிலக்கடலை, யார் வந்து கதவைத் தட்டினும் திறக்கும் இயல்பினது. ஆதலின் மேட்டுக் கொல்லையிற் கண்ட முண்டுகளைப் பொட்டலத்துப் பாக்டீரியா உண்டாக்கினவோ, மண்ணின் பழங்குடிகள் உண்டாக்கினவோ என்பதைக் கண்ணாற் கண்டு கூறவியலாது. சோயா மொச்சை இந்தியாவிற் பரவிய காலத்தில் நிலைமை வேறு. அதற்கேற்ற பாக்டீரியா மண்ணிற் போதிய அளவு இல்லாமையால், கலந்த வயலுக்கும் கலவாத வயலுக்கும் வேறுபாடு வெளிப்படையாய்த் தெரிந்தது. நிலக்கடலையில் அவ்வெளிமை இல்லை.

இதிலிருந்து அறிஞர் உணர்ந்தது யாதெனில், வேர் வெற்றிடமன்று, ஓர் ஊர். மேலே கூறிய ஹில்ட்னரே 1904இல் வேரை ஒட்டிய மண்ணுக்குத் தனிப்பெயர் சூட்டி, ஏனைய மண்ணினும் அங்கு உயிர்கள் செறிந்திருப்பதை எடுத்துரைத்தார். யாம் அதனை வேர்ச்சூழல் என்போம். செடி தான் சமைத்த உணவில் ஒரு பங்கினை வேர் வழியே மண்ணிற் கசியவிடுகின்றது. சர்க்கரை, அமிலம், பசை எனப் பலவகையாகக் கசியும் அவற்றுக்கேற்ப அங்குக் கூடும் உயிர்களும் வேறுபடும். பாக்டீரியா, பூஞ்சணம், அவற்றை உண்ணும் சிற்றுயிர்கள், நோய் செய்வன, நோய் தடுப்பன யாவும் அவ்வூரிற் குடிகளே. அவ்வூருக்கு ஒருவனை மட்டும் அனுப்பிவிட்டு ஊர் முழுதும் மாறவேண்டும் என எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஆகலின் இக்காலத்து ஆராய்ச்சி, ஓருயிரை இடுவதினின்று உயிர்க்கூட்டத்தையே அமைப்பதை நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றது. அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் ஒருங்கே கலந்த ‘அசோபாஸ்’ என்னும் கோயம்புத்தூர்க் கலவை இவ்வழியில் எளிய முதற்படி. ஆய்வுக்கூடங்களில், கிருமியற்ற மண்ணிற் செடியை வளர்த்து, தெரிந்தெடுத்த பத்தோ இருபதோ பாக்டீரியா வகைகளை மட்டும் குடியேற்றி, ஒவ்வொன்றாய் நீக்கியும் சேர்த்தும் யார் யாருக்கு என்ன தொழில் என ஆராய்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் அமைந்த கூட்டம் வயல் மண்ணில் நிலைக்குமா என்பதே அங்குள்ள பெரிய இடர்.

வேறு சிலர் செடியின் பக்கத்திலிருந்து தொடங்குகின்றனர். மெக்சிகோ நாட்டு மலைப்பகுதி ஒன்றில் வளரும் பழைய மக்காச்சோள வகை, தரைக்கு மேலுள்ள விழுதுகளிற் கொழகொழவென்ற பசையைச் சுரந்து, அதில் நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவை வளர்க்கின்றது. தன் நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை காற்றிலிருந்தே பெறுகின்றது என 2018இல் வெளியிட்டனர். அந்நாட்டு உழவர் அச்சோளத்தைப் பேணி வைத்திராவிடின் இச்செய்தி எந்த ஆய்வுக்கூடத்துக்கும் எட்டியிராது. மறு ஆண்டு சீன ஆராய்ச்சியாளர், நம் நாட்டிற் பெருவழக்காகிய இண்டிகா நெல்லின் வேர், ஜப்பானிக்கா நெல்லின் வேரினும் மிகுதியாக நைட்ரஜன் மாற்றும் பாக்டீரியாவை ஈர்க்கின்றதென்றும், அதற்குச் செடியின் மரபணு ஒன்று துணையென்றும் காட்டினர். அஃதாவது, நல்ல குடிகளை அழைக்கும் திறன் விதையிலேயே இருக்கக்கூடும். நெல்லையும் கடலையையும் தெரிந்தெடுப்போர் இனி மேலே கதிரையும் காயையும் மட்டும் பாராமல் கீழே வேரையும் பார்த்தல்வேண்டும்.

அமெரிக்காவில் பாக்டீரியாவின் மரபணுவையே திருத்தியும் பயன்படுத்துகின்றனர். மண்ணில் உர நைட்ரஜன் மிகுந்திருந்தால் நைட்ரஜன் பிடிக்கும் வேலையைப் பாக்டீரியா நிறுத்திவிடும். உண்ணச் சோறு இருக்கையில் உலை வைப்பவர் யார்? கிளெப்சியெல்லா வரீகோலா என்னும் பாக்டீரியாவில் இத்தடையை நீக்கி, மக்காச்சோளப் பயிருக்கென 2019 முதல் விற்கின்றனர். இத்தகையன நம் மண்ணுக்கு வருமுன் கேட்கவேண்டிய வினாக்கள் பலவாயினும், எம் கிணற்றங்கொல்லையின் நோய் அதுவன்றாகலின் இவ்வளவில் விடுகின்றோம்.

அக்கொல்லையின் நோய் உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டுப் பதப்படுத்துவர்; தோல் ஆலையில் முதன்முதல் ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பெல்லாம் நீரில் இறங்கும். வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை பல ஆண்டு இந்நீர் பாலாற்றுப் படுகையிலும் ஏரி குளங்களிலும் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28இல் அளித்த தீர்ப்பு, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த முதனிலைக் கணக்கெடுப்பை எடுத்துரைத்து, தோல் தொழிற் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் சிறிதளவோ முற்றிலுமோ பயிருக்கு உதவாததாயிற்று என்று கூறுகின்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு இந்நாட்டில் நிலைநாட்டிற்று. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30இல் அம்மன்றமே இப்பொருள்பற்றி மீண்டும் தீர்ப்புரைத்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், அதனை மாசுபடுத்தியோரிடம் பெறவும் ஆணையிட்டது. இரு தீர்ப்புக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன என்பதை நண்பர்கள் நோக்குக.

உப்பு வேரை என்செய்கின்றது? வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகின்றது. சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து மண்ணை இறுகச் செய்கின்றது. ரைசோபியப் பாக்டீரியா பல வேளைகளில் செடியினும் மிகுந்த உப்பைத் தாங்கும். ஆயினும் இரண்டும் கூடி முண்டு அமைக்கும் செயல் உப்பிற் குன்றும். துன்புற்ற செடி எத்திலீன் என்னும் வாயுவைத் தன்னுள் மிகுதியாகச் சுரக்கின்றது. அஃது அளவில் மிஞ்சினால் வேர் குறுகும். வேர் குறுகினால் பக்கவேர் குறையும். பக்கவேர் குறைந்தால் யாம் மேலே கூறிய வாயில்கள் குறையும். திண்ணையில் யாம் கண்ட இரண்டாம் செடியின் வரலாறு இதுவாகலாம் எனக் கருதுகின்றோம்.

இங்கேதான் எமக்கு வியப்பளித்த ஆராய்ச்சி ஒன்றைக் கண்டோம். எத்திலீனைச் செடி சமைப்பதற்கு ஏ.சி.சி. என்னும் முன்பொருள் ஒன்று வேண்டும். சில பாக்டீரியா, வேரினின்று கசியும் அம்முன்பொருளையே சிதைத்து உணவாக்கிக்கொள்ளும் நொதியை உடையன. அதனால் எத்திலீன் குறைந்து, வேர் தன்போக்கில் நீளும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துச் சரவணகுமாரும் சாமியப்பனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்நொதியுடைய சூடோமோனாஸ் புளோரசென்ஸ் பாக்டீரியாவின் டி.டி.கே. 1 என்னும் வகையை நிலக்கடலைக்கு இட்டபோது, உப்பைத் தாங்கும் ஆற்றலும் விளைவும், அந்நொதியில்லாத வகைகளை இட்ட செடிகளினும் மிகுந்தன என்று காட்டியுள்ளனர். நம் பயிர், நம் மாநிலம், நம் நோய். இந்நொதியின்றி ரைசோபியத்தை மட்டும் உப்பு மண்ணுக்கு அனுப்புதல், வாயில் அடைத்த வீட்டுக்கு விருந்தினரை அனுப்புவது போலாம். முதலில் வேரை நீளச் செய்யும் துணை. பின்னரே முண்டு அமைக்கும் துணை. உயிர்க்கூட்டத்தை அமைத்தல் என்பதன் பொருள் எமக்கு விளங்கியது இவ்விடத்திலேதான்.

குரோமியமும் இப்பகுதி மண்ணிற் கலந்துள்ளது. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைக் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலையின் கழிவுக் குவியலில் உள்ளது நீரிற் கரைந்து பரவும் ஆறிணைக் குரோமியம், அதுவே கொடிது. அதனை மூவிணையாக மாற்றவல்ல பாக்டீரியாவைத் தோல் ஆலைக் கழிவிலிருந்தே பலர் பிரித்தெடுத்துள்ளனர். துன்பமுற்ற மண்ணிலேயே அத்துன்பத்தைத் தாங்கக் கற்ற குடிகளும் உள்ளன. கிணற்றங்கொல்லைக்கு ஏற்ற துணையை வெளியூரிலன்றி, அதே கொல்லையில் உப்பையும் பொறுத்து நிற்கும் ஒன்றிரண்டு நற்செடிகளின் வேரிலேயே முதலில் தேடல்வேண்டும் என்பது எம் கருத்து.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. எப்பாக்டீரியாவும் உப்பை உண்டு தீர்க்கமாட்டாது. அது செடியைத் தாங்கச் செய்யும், அவ்வளவே. உப்பு நீங்கவேண்டுமாயின் நன்னீர் பாய்ந்து கழுவவேண்டும். சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் இடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புதிய உப்பு வருவது நிற்கவேண்டும். உப்பைத் தாங்கும் பாக்டீரியா வந்துவிட்டதே, இனி நீரைத் தூய்மை செய்வானேன் என்று ஒருவர் சொல்லத் துணிவாராயின் அவ்வாராய்ச்சி உழவர்க்குப் பகையாய் முடியும். எம் வகுப்பில் பாதிப்பேரின் வீட்டுக்குச் சோறு தருவது தோல் ஆலையும் காலணித் தொழிற்சாலையுமே. எம் தந்தையாரும் அத்தொழிலிலேயே உள்ளார். எனவே இதனைப் பகைமையால் எழுதினோமல்லோம்.

ஐப்பசியில் அறுவடைக்கு மீண்டும் சென்றோம். மேட்டுக் கொல்லை நன்றாய் விளைந்தது. கிணற்றங்கொல்லையிற் பொக்குக் காயே மிகுதி. அம்மானிடம் இக்கட்டுரையிற் கூறியவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது அவர் கேட்ட வினா ஒன்றே: “மேட்டுக் கொல்லையிலாவது பொட்டலம் வேலை செஞ்சுதா?” விடை கூற எம்மால் இயலவில்லை. ஒப்புநோக்குதற்குப் பொட்டலமிடாத சால் ஒன்றேனும் விட்டுவைக்க எமக்குத் தோன்றவில்லை. இரு கொல்லை முழுதும் கலந்தே விதைக்கச் செய்துவிட்டோம். பிழை எம்முடையது.

வரும் ஆடியில் இரு கொல்லையிலும் நந்நான்கு சால் வெறுவிதையும், நந்நான்கு சால் ரைசோபியம் மட்டும் கலந்த விதையும், நந்நான்கு சால் சூடோமோனாசும் சேர்த்த விதையும் இட்டு, நாற்பத்தைந்தாம் நாள் வேரை அலசி முண்டுகளை எண்ணுவதென முடிவு செய்துள்ளோம். இவ்விருவகைப் பாக்டீரியாவும் ஒன்றையொன்று பொறுக்குமா என்பதை முன்னதாகத் தாவரவியற் கூடத்தில் சோதித்துப் பார்க்க உதவுவதாகப் பேராசிரியர் ஒருவர் இசைந்துள்ளார். அம்மானும் இசைந்துவிட்டார். ஆனால், பொட்டலமே பொய் என்று ஆவணியில் உரைத்த அவரே, வெறுவிதைச் சால்களில் விளைச்சல் குறைந்தால் அக்குறைக்கு ஈடு யாமே தரவேண்டும் என்கின்றார்.